வைத்தியன் கடவுளா, வேலைக்காரனா?

நம் நாட்டில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்க ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றார்கள். அவரைத் தெய்வம் என்று சொல்லிவிடுவதுதான் அந்த வழி. பெண்ணை லட்சுமி என்றார்கள். அந்த லட்சுமிக்கு அப்பன் சொத்தில் ஒரு குழி நிலமும் கிடையாது என்றார்கள். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை, அதாவது 60 வருஷம் பிடித்தது. உழுகின்றவனை அன்னதாதா என்றார்கள். அவன் வீட்டு அடுப்பில் அன்னம் வேகிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அந்தத் தெய்வப் பட்டம் டாக்டருக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. அதிலும் சொந்த ஆஸ்பத்திரி கட்டி, இரண்டு கார் வாங்கிவிட்ட பெரிய டாக்டருக்கல்ல. படித்தும் படிக்காமலும், உத்தியோகஸ்தனாயும் மாணாக்கனாயும், வார்டில் இரவு பகல் நிற்கின்ற பயிற்சி டாக்டருக்குத்தான் இந்த மரியாதை.

இந்தப் பட்டம் என்ன வேலை செய்கிறதென்று பாருங்கள். மில் தொழிலாளி 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அதிகப்படிக் கூலி கேட்கின்றான்; கேட்பது நியாயமென்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுகின்றோம். பஸ் டிரைவர் இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடிந்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தால், "ஐயோ, ஐம்பது உயிர் போய்விடுமே" என்று பதறி இறங்கிக்கொள்ளுகின்றோம். ஆனால் 24 மணி, 36 மணி நேரம் கண்மூடாத ஒரு டாக்டர் நம் வீட்டுப் பெண்ணின் வயிற்றில் கத்தி வைக்கும்போது மட்டும் அதற்குச் சேவை என்று பெயர் வைக்கின்றோம். சேவை என்று பெயர் வைத்துவிட்டால், தூங்காத கை நடுங்காமல் நின்றுவிடுமா என்று கேட்கின்றோம்.

கீழ்பென்னாத்தூரிலும் வேட்டவலத்திலும் சோமாசிபாடியிலுமுள்ள நம் தோழர்கள், "டாக்டருக்கு வக்காலத்து வாங்க நம் பத்திரிகை எதற்கு? அவர்கள் பணக்காரர் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன குறை?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பதில் சொல்லுகின்றோம்.

முதலாவது, எல்லா டாக்டரும் பணக்காரன் பிள்ளை என்ற காலம் நம் மாகாணத்தில் மலையேறிவிட்டது. 1920-களில் வந்த வகுப்புவாரி உரிமையிலிருந்து இன்றைய 69 சதவிகித இடஒதுக்கீடு வரை போராடியதன் பலன், அப்பன் கையெழுத்துப் போடத் தெரியாத வீடுகளிலிருந்தும் டாக்டர்கள் வந்திருக்கின்றார்கள். நீட் என்கின்ற பரீட்சையைக் கொண்டுவந்து அந்த வாசலை மூடப் பார்த்தார்கள். 1176 மார்க் வாங்கிய அனிதாவை 2017-ல் இழந்தோம். பிறகு 2020-ல் சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகிதம் என்று சட்டம் வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் முதல் வகுப்பு இப்போது வார்டுக்கு வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருகின்ற பயிற்சிச் சம்பளம் கைச்செலவுக்கல்ல, வீட்டுக்கு அனுப்புவதற்கு. அது இரண்டு மாதம் தாமதப்பட்டால், இங்கே ஒரு குடும்பம் கடலைக்கொட்டையை விளைச்சலுக்கு முன்பே விலை பேசிவிட நேரும்.

இரண்டாவது பதில்தான் முக்கியம். நாம் டாக்டருக்காகப் பேச வரவில்லை. நோயாளிக்காகப் பேச வந்திருக்கின்றோம். டாக்டரை எந்த நிபந்தனையில் வேலைக்கு வைக்கின்றார்களோ, அதைப் பொறுத்துத்தான் நீங்கள் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த நாற்காலியில் ஆள் இருப்பதும் இல்லாததும்.

நம் தாலூக்காவில் பாம்புக் கடிக்குப் பஞ்சமில்லை. கடலைக் காட்டில் கடிப்பது ஒரு வகை. தரையில் படுத்துத் தூங்குகிறவனை இரவில் கட்டுவிரியன் கடிப்பது இன்னொரு வகை. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பு கடித்ததென்று திரும்பிப் படுத்துவிடுவான். பிறகு கண்ணிமை தொங்கும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு விடுகின்ற தசை நின்றுபோகும். விஷமுறிவு மருந்து ஏற்றி, வேண்டுமானால் மூச்சுக்குக் குழாய் வைத்துக் காப்பாற்றலாம். இதற்கு வேண்டியவை மருந்து, நேரம், அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு டாக்டர், இவ்வளவுதான். மந்திரிக்கின்றவனோ இரவு 2 மணிக்கும் வீட்டில் இருக்கின்றான். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமில்லை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தை இறக்காமலே கடிக்கும். ஆகவே அவனிடம் போகிறவர்களில் பலர் தானாகவே பிழைக்கின்றார்கள்; பேர் அவனுக்கு வருகின்றது. செத்தவன் மட்டும் விதியால் செத்தான். பாம்புக் கடியைக் கட்டாயம் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய விஷயமாகத் தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் ஆக்கியது நல்ல காரியம். ஆனால் அறிவிப்பதற்கு அங்கே ஓர் ஆள் விழித்திருக்க வேண்டுமல்லவா? நாம் நூறு கூட்டம் போட்டு மந்திரம் பொய்யென்று பேசினாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தூங்கி எழுந்து தெளிவாயிருக்கின்ற ஒரு டாக்டர் செய்யும் பிரசாரத்துக்கு அது ஈடாகாது.

அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் குடும்ப டாக்டர் என்று பெயர். குழந்தைக்கு ஒருவர், கிழவிக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்றில்லாமல், ஒரு வீட்டிலுள்ள எல்லோரையும் பார்த்து, இது இங்கேயே தீரும், இது திருவண்ணாமலைக்குப் போக வேண்டும், இதற்கு மருந்தே வேண்டாம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். இது சில்லறை வித்தையல்ல. பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்கு வியாதி முக்கால்வாசி பழுத்த பிறகு வந்து சேர்கின்றது. குடும்ப டாக்டரோ அது முளைவிடும்போதே கண்டுபிடிக்க வேண்டியவர்.

இப்பேர்ப்பட்டவரை நம் முன்னோர் எப்படி நடத்தினார்கள்? வைத்தியன் நாராயணனுக்குச் சமம் என்று சமஸ்கிருதத்தில் ஒரு வசனம் உண்டு. கல்யாண மண்டபம் மாதிரி கட்டிய ஆஸ்பத்திரிகளில் அதை எழுதியும் மாட்டியிருப்பார்கள். ஆனால் அதே சாஸ்திரக்காரர்களின் மனுதர்மத்தைப் புரட்டிப் பாருங்கள். மூன்றாவது அத்தியாயத்தில், சிரார்த்தத்துக்குக் கூப்பிடக்கூடாதவர்களின் ஜாபிதாவில் வைத்தியன் இருக்கின்றான். நான்காவது அத்தியாயத்தில், வைத்தியன் சோற்றைத் தின்னக்கூடாதென்று எழுதியிருக்கின்றது. நோய் வந்தபோது நாராயணன். சாப்பாட்டுக்கு உட்காரும்போது தீண்டத்தகாதவன்! நம் கிராமங்களில் காயம் கட்டி, கட்டி அறுத்து, பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவர் என்று பெயர்கொண்ட வகுப்பைச் சேர்ந்த ஆணும் பெண்ணும்தான். அவர்களுக்குக் கூலி என்று ஒன்று பேசியதுண்டா? களத்தில் மிஞ்சியதை அள்ளிப் போட்டார்கள். அதையும் எட்ட நின்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மருத்துவச்சி கைபட்டுப் பிறந்த பிள்ளை, வளர்ந்தபின் அவளை வாடி போடி என்று அழைத்தது. உயிரைக் காப்பவனுக்கு வாயால் புகழ்ச்சியும் கையால் அவமானமும் கொடுக்கின்ற இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல.

கூலி பேசி வைத்தியனைக் கிராமத்தில் வைக்க வேண்டுமென்று முதலில் நினைத்தது பார்ப்பனரல்லாதார் மந்திரிசபைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1920-களில் பனகால் அரசர் முதல் மந்திரியாயிருந்தபோது, கிராமத்தில் குடியிருந்து வைத்தியம் செய்ய ஒப்புக்கொள்ளும் டாக்டருக்கு வருஷத்துக்கு இவ்வளவென்று சர்க்கார் மானியம் கொடுக்கும் ஏற்பாடு சென்னை மாகாணத்தில் நடந்தது. ஏழைக்கு இனாம் வைத்தியம். டாக்டருக்கு நிச்சயமான வரும்படி. தியாகம் செய்யென்று உபதேசம் பண்ணவில்லை, பணம் கொடுத்தார்கள். பிறகு 1943-ல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். நம்மூர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர். 1946-ல் அவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டில், 40,000 ஜனங்களுக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எல்.எம்.பி. என்கின்ற சிறு படிப்பை எடுத்துவிட்டு, எல்லோரும் ஒரே தரமான அடிப்படை டாக்டராகப் படிக்க வேண்டும், அவர்கள் சமூகத்தை அறிந்த வைத்தியராயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எல்.எம்.பி.யை எடுத்துவிட்டார்கள். சமூகத்தை அறிந்த வைத்தியரைத்தான் காணோம்.

காணாமற்போன காரணம் என்ன? நம் மருத்துவக் கல்லூரிகளில் இருதயத்துக்குத் துறை உண்டு. கண்ணுக்குத் துறை உண்டு. குடும்ப வைத்தியத்துக்கென்று தனித்துறை இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எம்.பி.பி.எஸ். கல்லூரிக்கு இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு சர்க்கார் கல்லூரி அதற்கு எம்.டி. படிப்பு வைத்துக் காட்டியது. நமக்குப் பக்கத்திலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஊரூராக வேலை பார்க்கின்ற டாக்டர்களுக்குத் தபால் வழிப் படிப்பாகக் குடும்ப வைத்தியம் சொல்லிக் கொடுக்கின்றது. தேசியத் தேர்வு வாரியம் சில ஆஸ்பத்திரிகளில் பயிற்சி கொடுக்கின்றது. இவையெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். பெரும்பாலான இளைஞர்கள் நாலரை வருஷம் படித்து, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை பார்த்து, பரீட்சை எழுதித் தேறி, ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடப்படுகின்றார்கள். "சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?" என்று கேட்டால் பதிலில்லை. கூட நின்று கற்றுக்கொடுக்க ஒரு மூத்த டாக்டரில்லை. தன் தப்பிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தப்பு விழுவதோ நம் தலையில். இதற்குப் பெயர் பயிற்சியாம்!

மேற்படிப்புக்குப் போகிறவர் கதி இன்னும் விசேஷம். வேலை என்று வரும்போது அவர் உத்தியோகஸ்தர். இரவு வார்டு முழுதும் அவர் தலையில். உரிமை என்று வரும்போது அவர் மாணாக்கர். மாணாக்கனுக்கு ஓவர்டைம் ஏது? 1992-ல் ஒன்றிய சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி பயிற்சி டாக்டர் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாக வேலை செய்யக்கூடாது. வாரத்தில் ஒருநாள் ஓய்வும் உண்டு. முப்பது வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி எழுதியபோது அந்த 48 எங்கே போயிற்றென்று தேடினால் கிடைக்கவில்லை. "நியாயமான நேரம்" வேலை செய்யலாம் என்று எழுதிவிட்டார்கள். வார ஓய்வு, வருஷத்துக்கு 20 நாள் லீவு, தங்க இடம் என்பவை அதில் இருக்கின்றன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நியாயம் எத்தனை மணி என்று சொல்லாத சட்டம் யாருக்கு உதவும்? மிட்டாதார் அளந்த மரக்காலும் நியாயமான மரக்கால்தானே!

மணிக்கணக்கு எழுதக் கூச்சப்பட்ட இந்த ஆணையத்துக்கு வேறு விஷயங்களில் கூச்சமில்லை. டாக்டர்கள் எடுத்துவந்த உறுதிமொழிக்குப் பதிலாக மகரிஷி சரகர் பெயரால் ஓர் உறுதிமொழியைச் சிபாரிசு செய்தது. 2022 ஏப்ரலில் மதுரை சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் அதைச் சொல்லவும் வைத்துவிட்டார்கள். டீன் பதவியே ஆட்டம் கண்டது. 2023 கடைசியில் பார்த்தால் ஆணையத்தின் முத்திரையில் தன்வந்திரி பகவான் பஞ்சவர்ணத்தில் நிற்கின்றார். தன்வந்திரிக்கு இரவு டியூட்டி உண்டா? வார்டில் படுக்க இடமில்லாமல் பெஞ்சில் சாய்கின்ற பெண்ணுக்குத் தன்வந்திரி ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தாரா?

தாழ்ப்பாள் என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டு 9-ந்தேதி கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், நீண்டநேர வேலைக்கு நடுவில் கொஞ்சம் கண்ணயர இடம் தேடிக் கருத்தரங்கு அறையில் படுத்த பயிற்சிப் பெண் டாக்டர் ஒருவர் கற்பழித்துக் கொல்லப்பட்டார். படுக்க ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், வாசலில் ஒரு காவல். இவ்வளவு சொற்பமான காரியத்துக்காக நாடு முழுவதும் டாக்டர்கள் தெருவில் இறங்க நேர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்து, பாதுகாப்புக்கென்று ஒரு பணிக்குழுவை நியமித்தது. அதற்கு 5 வருஷம் முன்னால், 2019 மே மாதத்தில், மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடிப் பெண் டாக்டர் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருக்கும்போதே தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி இழிவு செய்ததாக மூத்த டாக்டர்கள் மூன்று பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆஸ்பத்திரிக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகின்றவர்கள் சாதியைக் கழற்றுவதில்லை. கேள்வி கேட்டால் தண்டனை டியூட்டி. லீவு கேட்டால் சோம்பேறிப் பட்டம். முறையிடலாமென்றால், முறையிட வேண்டிய ஆளும் மார்க்குப் போடுகின்ற ஆளும் ஒருவரே. இதைக் குரு சிஷ்ய பாவம் என்று பெருமை பேசுகின்றார்கள். ஏகலைவன் கட்டைவிரலை வாங்கியதும் அதே பாவந்தான்.

கட்டைவிரலுக்குப் பதிலாக இக்காலத்தில் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுகின்றார்கள். சர்க்கார் கல்லூரியில் மேற்படிப்புப் படித்தவர் முடித்தபின் இத்தனை காலம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குகின்றார்கள். ஜனங்கள் வரிப்பணத்தில் படித்தவர் ஜனங்களுக்கு வேலை செய்யட்டும். அதை நாம் ஆதரிக்கின்றோம். ஆனால் பத்திரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. வேலை வாங்குகின்ற சர்க்கார் வேலைக்காரருக்குரிய உரிமையையும் கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் படித்த ஒரு பெண் டாக்டர் இப்படி வேலை செய்துகொண்டிருக்கையில் பிள்ளை பெற்றார். தமிழ்நாட்டு சர்க்கார் தன் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் பிரசவ லீவு கொடுத்து வருகின்றது. ஆனால் இந்தப் பெண்ணின் லீவுக் காலத்தைப் பத்திரக் காலத்தில் சேர்க்க மாட்டோம், சர்ட்டிபிகேட்டையும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம் சேர்க்கத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆயிரம் பிரசவம் பார்க்கின்ற கை தன் பிரசவத்துக்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. பெண்ணைத் தெய்வமென்று சொன்னவர்களின் வேலையும் டாக்டரைத் தெய்வமென்று சொன்னவர்களின் வேலையும் இவ்விடத்தில் ஒன்று சேர்ந்ததைக் கவனிக்கவும்.

கிராமத்துக்கு டாக்டர் வருவதற்கு நம் மாகாணம் நல்ல ஏற்பாடு ஒன்று வைத்திருந்தது. சர்க்கார் வேலையில் இருக்கின்ற டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதி என்பது அது. கிராமத்தில் சில வருஷம் வேலை செய், பிறகு சம்பளத்தோடு போய்ப் படித்து வா, வந்து மறுபடியும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய் என்பது அதன் சாரம். சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் இத்தனை நடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2016-ல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பினால் இந்தப் பாதி இடம் 2017-ல் பறிபோயிற்று; கொஞ்சம் மார்க்குச் சலுகை மட்டும் மிஞ்சியது. டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள், வழக்காடினார்கள். 2020 ஆகஸ்டு 31-ந்தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இப்படி ஒதுக்குவதற்கு மாகாண சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இதற்கு இடையில் 2019 அக்டோபர் 25-ல் தொடங்கி ஒரு வாரம் சர்க்கார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, நோயாளி எண்ணிக்கைக்குத் தக்க டாக்டர், இந்தப் பாதி இடம் ஆகியவையே அவர்கள் கேட்டவை. முன்னணியில் நின்றவர்களை ஊர்விட்டு ஊர் மாற்றினார்கள். பிற்பாடு உயர்நீதிமன்றம் அந்த மாற்றலை ரத்துச் செய்தது. ஆனால் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

அவர் இறந்த மறுமாதமே கொரோனா வந்தது. உடனே டாக்டர் மறுபடியும் கடவுளாகிவிட்டார். கை தட்டச் சொன்னார்கள், விளக்கேற்றச் சொன்னார்கள். 2020 மே 3-ந்தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள்மேல் பூமாரி பொழிந்தார்கள். புராணத்தில்தான் தேவர்கள் பூமாரி பொழிவார்கள் என்று படித்திருக்கின்றோம். ராணுவச் செலவில் அதையும் கண்ணால் பார்த்தாயிற்று. அதே ஏப்ரலில், சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் பிணத்தைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. பூவும் கல்லும் விழுந்தன. கூலி மட்டும் விழவில்லை. அவ்வருஷம் டிசம்பரில் மினி கிளினிக் என்று 2,000 திறப்பதாகச் சொல்லி இளம் டாக்டர்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். மந்திரிசபை மாறியது; 2022-ல் அவை மூடப்பட்டன; எடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். யார் திறந்தார், யார் மூடினார் என்பது நமக்கு முக்கியமில்லை. வருஷத்துக்கு வருஷம் கலைகின்ற வேலையில் யார் குடும்ப டாக்டராக முடியும்? ஒரு ஊரின் குடும்பங்களை அறிந்துகொள்வதற்கே இரண்டு வருஷம் வேண்டுமே!

இங்கிலாந்தில் எப்படியென்று நம் தோழர்கள் கேட்பார்கள். அங்கே 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதாரப் பணி நடக்கின்றது. குடும்ப டாக்டர்தான் அதற்கு அஸ்திவாரம். குடும்ப டாக்டராக வேண்டியவர் மூன்று வருஷம் பயிற்சி பெறுகின்றார். கொஞ்சகாலம் ஆஸ்பத்திரியில், கொஞ்சகாலம் குடும்ப டாக்டரின் கிளினிக்கில். பெயர் சொல்லி ஒரு மூத்தவரை அவருக்குப் பொறுப்பாக்கியிருக்கின்றார்கள். கிளினிக்கில் இருக்கும்போது வாரம் 40 மணி வேலையில் 12 மணி படிப்புக்கென்று ஒதுக்கி, அந்த 12 மணிக்கும் சம்பளம் கொடுக்கின்றார்கள். குறித்த நேரத்துக்குமேல் வேலை வாங்கினால் அதைப் பதிவு செய்யலாம். அதைக் கவனிக்க ஒவ்வோரிடத்திலும் ஓர் அதிகாரி உண்டு. இது அவர்களுக்குத் தானாக வரவில்லை. 2016-லும் 2023-லும் 2024-லும் வேலைநிறுத்தம் செய்து வாதாடுகின்றார்கள். இன்னும் குறை சொல்லுகின்றார்கள். குறை சொல்ல உரிமையிருக்கின்ற இடத்துக்குத்தான் நம் தமிழ்ப் பிள்ளைகள் கப்பலேறிப் போய்க் குடும்ப டாக்டராகின்றார்கள். பிறகு இங்கே நாம் "அறிவாளிகள் ஓடிப்போகின்றார்கள்" என்று ஒப்பாரி வைக்கின்றோம். அமெரிக்காவில் 1984-ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் 18 வயதுப் பெண்ணொருத்தி இறந்தாள். அவளைப் பார்த்தவர்கள் தூக்கமில்லாத பயிற்சி டாக்டர்கள். அவள் தகப்பன் விதியென்று சொல்லி அடங்கவில்லை. அவன் கிளப்பிய கிளர்ச்சியால் 1989-ல் அம்மாகாணத்தில் வாரத்துக்கு 80 மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாதென்று விதி வந்தது. 80 என்பதே கொடுமைதான். ஆனாலும் அது ஒரு எண். நம் ஆணையத்துக்கு எண் எழுத வரவில்லை.

பணத்துக்கு எங்கே போவதென்று சிலர் கேட்பார்கள். 2,668 அடி மலையுச்சியில் எரிப்பதற்கு 2023 தீபத்தன்று 3,500 கிலோ நெய் வந்து சேர்ந்த ஜில்லாவில் இக்கேள்வி எழுவது ஆச்சரியம். அது பக்தர்கள் கொடுத்த நெய், சர்க்கார் பணமல்ல என்பார்கள். சரி, ஒப்புக்கொள்ளுகின்றோம். பக்தர்களுக்குச் சாலை போட்டு, பஸ் விட்டு, போலீசு நிறுத்தி, வைத்திய முகாம் போடுவது யார் பணம்? 14 கிலோமீட்டர் நடந்து கால் கொப்பளித்து, நெஞ்சு வலிக்கிறதென்று விழுகின்றவனை அண்ணாமலையார் இறங்கி வந்து தூக்குவதில்லை. முகாமில் உட்கார்ந்திருக்கின்ற டாக்டர்தான் தூக்குகின்றார். அவர் அன்றைக்கு எத்தனை மணி நேரமாக விழித்திருக்கின்றார் என்று யாராவது கேட்டதுண்டா?

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாமல், மருந்து பற்றாமல் நோயாளி இறந்தால், மந்திரி வீட்டுக் கதவைத் தட்டத் துணிவில்லாதவன், எதிரே நிற்கின்ற 24 வயதுப் பையனின் சட்டையைப் பிடிக்கின்றான். டாக்டரைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே, ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினான். கடவுளென்று நினைத்தவன் பிழைக்க வைக்காவிட்டால் சாமி சிலையை உடைக்கின்ற ஆத்திரம் வரும். மனிதனென்று நினைத்தால், எது கையில் இருந்தது, எது இல்லை என்று கேட்கின்ற புத்தி வரும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 20 கிலோமீட்டர். அங்கே சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. பயிற்சி டாக்டர்கள் இருக்கின்றார்கள். அவர்களில் சிலரை முறைவைத்து நம் தாலூக்காவுக்கு அனுப்பி, ஒரு மூத்த குடும்ப டாக்டரைக் கூட வைத்து, தங்க வீடும் மணிக்கணக்கும் எழுத்தில் கொடுத்துக் கற்றுக்கொடுப்பது ஆகாத காரியமல்ல. மேற்படிப்புக்காரரை மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்கெனவே விதி இருக்கின்றது. அதைக் கிராமம்வரை நீட்டக் கேட்கின்றோம். பயிற்சிச் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் வரவேண்டும். வாரம் 48 மணி என்ற பழைய எண்ணை மறுபடியும் எழுத வேண்டும். மீறினால் யார் பொறுப்பென்றும் எழுத வேண்டும். மார்க்குப் போடாத ஓர் ஆளிடம் முறையிட வழி வேண்டும். சர்ட்டிபிகேட்டை அடகு பிடிப்பதை நிறுத்த வேண்டும்.

இதைக் கேட்க டாக்டர் சங்கம் மட்டும் போதாது. கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகின்றது. தேர்த்திருவிழாவுக்கு வரி கேட்டால் எழுந்து பேசுகின்ற நம் தோழர்கள் அன்றைக்கும் எழுந்து நிற்கட்டும். நம் சுகாதார நிலையத்துக்கு அனுமதித்த டாக்டர் எத்தனை, இருப்பவர் எத்தனை? இரவில் இருப்பவர் யார்? அவர் அதற்குமுன் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்? பெண் டாக்டர் படுக்க அறையும், அதற்குத் தாழ்ப்பாளும், கக்கூசும், தண்ணீரும் உண்டா? விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கின்றது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். வந்த பதிலை, ஊர்ப் பெயரோடு நமக்கு அனுப்பினால் இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.